தீபக் சாஹர் தக்கவைப்பு (சென்னை சூப்பர் கிங்ஸ்)

தீபக் சாஹர் தக்கவைப்பு என்பது, அடிக்கடி காயமுற்ற விலையுயர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தீபக் சாஹரை, இந்தியன் பிரீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரில் ஆடும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி வைத்துக்கொள்வதா, விடுவிப்பதா என்று 2022 முதல் 2024 வரை எழுந்த வினாவைக் குறிக்கும். 2022 ஆம் ஆண்டு ஏலத்தில் 14 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்ட சாஹர், அந்த விலையில் இருந்த மூன்று பருவங்களில் அணி ஆடிய 44 ஆட்டங்களில் 18 ஆட்டங்களில் மட்டுமே விளையாடினார். ஆயினும் அணி அவரை இரண்டு முறை தக்கவைத்து, மூன்றாம் முறை விடுவித்தது. விடுவித்த பின்னரும் ஏலத்தில் அவருக்காக மீண்டும் விலை கேட்டது.

பின்னணி

இந்தியன் பிரீமியர் லீக் 2008 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஒவ்வோர் அணிக்கும் வீரர்களுக்காகச் செலவிட ஓர் உச்சவரம்புத் தொகை உண்டு. 2022 ஆம் ஆண்டு அது 90 கோடி ரூபாயாகவும், 2025 பருவத்திற்கு 120 கோடி ரூபாயாகவும் இருந்தது. ஏலத்தில் ஒரு வீரருக்குக் கிடைக்கும் விலை அவரது ஓராண்டு ஊதியம் ஆகும். அணி அவரைத் தக்கவைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதே தொகை உச்சவரம்பில் இருந்து கழிக்கப்படும். விடுவித்தால் அத்தொகை அடுத்த ஏலத்திற்கு அணியின் கைக்குத் திரும்பும்.

இதனால், காயமுற்ற வீரரை என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் பருவம் முடிந்தபின் புதிதாக எழுகிறது. வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தத்தில் உள்ள இந்திய வீரர்களுக்குக் காப்பீட்டு ஏற்பாடு உண்டு. ஆகையால் காயத்தால் வரும் பண இழப்பு முழுவதும் அணியின் மீது விழுவதில்லை. ஆனால் அந்தத் தொகையைக் கொண்டு ஏலத்தில் வாங்கியிருக்கக்கூடிய வேறொரு வீரரைக் காப்பீட்டால் திருப்பித் தர இயலாது.

முதல் நான்கு பருவங்கள் (2018–2021)

தீபக் சாஹர் 1992 ஆகஸ்ட் 7 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஆக்ராவில் பிறந்தார். 2010 ஆம் ஆண்டு ராஜஸ்தான் அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். ஜெய்ப்பூரில் நடைபெற்ற அந்த ஆட்டத்தில் 10 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஐதராபாத் அணி 21 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. இது ரஞ்சிக் கோப்பை வரலாற்றில் மிகக் குறைந்த ஓட்ட எண்ணிக்கை ஆகும்.

2016, 2017 ஆகிய ஆண்டுகளில் புனே அணியில் இருந்த சாஹரை, சென்னை சூப்பர் கிங்ஸ் 2018 ஆம் ஆண்டு 80 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதிவேகம் அவரது வலிமை அன்று. புதிய பந்தை இரு பக்கமும் காற்றில் வளைப்பதே அவரது சிறப்பு. பந்து புதிதாக இருக்கும்போதுதான் அது நன்கு வளையும். அதே நேரத்தில், முதல் ஆறு ஓவர்களில் (பவர்பிளே) வட்டத்திற்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்களே நிற்கலாம் என்பதால் மட்டையாளர்கள் துணிந்து அடிப்பர். இந்த இடர்மிக்க ஓவர்களிலேயே சாஹர் தம் விக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றை எடுத்தார்.

2019 ஏப்ரல் 9 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணிக்கு எதிராக அவர் வீசிய 24 பந்துகளில் 20 பந்துகளில் ஓட்டம் எதுவும் எடுக்கப்படவில்லை. 2021 ஏப்ரல் 16 அன்று மும்பை வான்கடே அரங்கில் பஞ்சாப் அணிக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்திய அணிக்காகவும் 2019 நவம்பர் 10 அன்று நாக்பூரில் வங்காளதேசத்துக்கு எதிரான இருபது20 ஆட்டத்தில் 7 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்தார்.

2018 முதல் 2021 வரை சென்னை அணி விளையாடிய 63 ஆட்டங்களில் 58 ஆட்டங்களில் சாஹர் இடம்பெற்று 58 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இக்காலத்தில் அணி இரண்டு முறை (2018, 2021) வாகை சூடியது.

2022 ஏலம்

2022 பிப்ரவரி 12, 13 ஆகிய நாட்களில் பெங்களூரில் நடைபெற்ற ஏலத்திற்கு முன்னர், சென்னை அணி ரவீந்திர ஜடேஜா (16 கோடி), மகேந்திரசிங் தோனி (12 கோடி), மொயீன் அலி (8 கோடி), ருதுராஜ் கெய்க்வாட் (6 கோடி) ஆகிய நால்வரைத் தக்கவைத்தது. சாஹர் அப்பட்டியலில் இல்லை. அணியிடம் 48 கோடி ரூபாய் எஞ்சியிருந்தது.

அதில் 14 கோடியைச் செலவிட்டு முதல் நாளிலேயே சாஹரை அணி மீட்டுக்கொண்டது. அந்த ஏலத்தில் இஷான் கிஷனுக்கு (15.25 கோடி) அடுத்த மிக உயர்ந்த விலை இதுவாகும். சென்னை அணி அதுவரை ஏலத்தில் எந்த வீரருக்கும் இவ்வளவு கொடுத்ததில்லை. கையிருப்பில் ஏறத்தாழ 29 விழுக்காடு ஒரே வீரருக்குச் சென்றது.

காயங்கள்

ஏலம் முடிந்து ஏழு நாட்களில், 2022 பிப்ரவரி 20 அன்று, கொல்கத்தாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான இருபது20 ஆட்டத்தில் தம் இரண்டாவது ஓவரை முடிக்காமலேயே சாஹர் களத்தை விட்டு வெளியேறினார். தொடையின் முன்தசை கிழிந்திருந்தது. பெங்களூரில் உள்ள தேசியத் துடுப்பாட்ட அகாதமியில் மீட்புப் பயிற்சியின்போது முதுகிலும் காயம் ஏற்பட்டது. 2022 பருவம் முழுவதையும் அவர் இழந்தார். முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்ற சென்னை அணி, 14 ஆட்டங்களில் 4 வெற்றிகளுடன் ஒன்பதாம் இடத்தைப் பெற்றது.

2022 ஆகஸ்ட் 18 அன்று ஹராரேயில் சிம்பாப்வேக்கு எதிராக மீண்டு வந்து 3 விக்கெட்டுகள் எடுத்து ஆட்ட நாயகன் விருதைப் பெற்றார். அக்டோபரில் முதுகுவலி திரும்பியது. திசம்பர் 7 அன்று மிர்பூரில் வங்காளதேசத்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் 3 ஓவர்கள் மட்டுமே வீச முடிந்தது.

2023 ஏப்ரல் 8 அன்று வான்கடே அரங்கில் மும்பைக்கு எதிராக ஓர் ஓவர் மட்டும் வீசிய நிலையில் தொடையின் பின்தசையில் காயம் ஏற்பட்டது. அடுத்த ஆறு ஆட்டங்களில் அவர் விளையாடவில்லை. மே மாதம் திரும்பி, இறுதியாட்டம் வரை தொடர்ந்து விளையாடினார். அகமதாபாத்தில் குஜராத் டைட்டன்ஸ் அணியை வென்று சென்னை ஐந்தாம் முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

2024 மே 1 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாப் கிங்ஸ் அணிக்கு எதிராக இரண்டு பந்துகளை வீசிய பின்னர் சாஹர் வெளியேறினார். அப்பருவத்தில் அதன்பின் அவர் விளையாடவில்லை. சென்னை அணி 7 வெற்றி, 7 தோல்வியுடன் ஐந்தாம் இடம் பெற்று அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறத் தவறியது.

பருவ வாரியாக

2018 – 16 ஆட்டங்களில் 12 – 10 விக்கெட்டுகள்
2019 – 17 ஆட்டங்களில் 17 – 22 விக்கெட்டுகள்
2020 – 14 ஆட்டங்களில் 14 – 12 விக்கெட்டுகள்
2021 – 16 ஆட்டங்களில் 15 – 14 விக்கெட்டுகள்
2022 – 14 ஆட்டங்களில் 0
2023 – 16 ஆட்டங்களில் 10 – 13 விக்கெட்டுகள்
2024 – 14 ஆட்டங்களில் 8 – 5 விக்கெட்டுகள்

ஏழு பருவங்களிலும் சேர்த்து, சென்னை அணிக்காக 76 ஆட்டங்களில் 76 விக்கெட்டுகள் எடுத்தார். ஆட்டத்திற்கு ஒரு விக்கெட் என்ற விகிதம் இரு காலப்பகுதிகளிலும் மாறவில்லை. மாறியது களத்தில் இறங்கிய ஆட்டங்களின் அளவே. முதல் நான்கு பருவங்களில் 92 விழுக்காடு ஆட்டங்களில் விளையாடியவர், அடுத்த மூன்று பருவங்களில் 41 விழுக்காடு ஆட்டங்களிலேயே விளையாடினார்.

வேகப்பந்து வீச்சும் காயமும்

வேகமாக ஓடிவந்து பந்தை விடுவிக்கும்போது பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் ஊன்றும். அக்கணத்தில் அவரது உடல் எடையைப் போல் பல மடங்கு விசை கால் வழியாக இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறும். அதே நேரத்தில் முதுகு வளைந்து திரும்பும். இது ஆயிரக்கணக்கான முறை நிகழ்வதால் கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்படலாம். தொடைப் பின்தசைக் காயத்தைப் பொறுத்தவரை, முன்பு ஒருமுறை அக்காயம் ஏற்பட்டிருப்பதே மீண்டும் ஏற்படுவதற்கான முக்கியமான அறிகுறியாகக் கருதப்படுகிறது. எனவே ஒரு வீரரின் காய வரலாறு அவரது எதிர்காலத்தைப் பற்றியும் ஓரளவு சொல்கிறது.

சென்னைக்கு இத்துறையில் நீண்ட தொடர்பு உண்டு. வடசென்னையின் திருவொற்றியூரில் 1946 ஆம் ஆண்டு பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிப் பின்னர் டயர் தயாரிப்பில் வளர்ந்த எம்.ஆர்.எப். நிறுவனம், 1987 ஆம் ஆண்டு சென்னையில் வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையம் ஒன்றை நிறுவியது. அதன் பயிற்றுநராக நீண்டகாலம் பணியாற்றிய ஆத்திரேலியர் டென்னிஸ் லில்லி, 1973 ஆம் ஆண்டு முதுகெலும்பு அழுத்த முறிவால் பாதிக்கப்பட்டுத் தம் வீச்சு முறையை மாற்றிக்கொண்டு மீண்டவர்.

சாஹர் சென்னை அணியில் வளர்ந்த ஆண்டுகளில் பந்து வீச்சுப் பயிற்றுநராக இருந்த சென்னையைச் சேர்ந்த இலட்சுமிபதி பாலாஜியும் முதுகெலும்பு அழுத்த முறிவில் இருந்து மீண்டு வந்தவரே. அவர் 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஹாட்ரிக் சாதனையைப் படைத்தார். காயத்திற்குப் பின்னும் ஒரு பந்து வீச்சாளர் பயன் தரக்கூடும் என்பதற்கு அணியின் முகாமிலேயே சான்று இருந்தது.

தக்கவைப்பதற்கு ஆதரவான வாதங்கள்

முதலாவது, அரிதான திறன். புதிய பந்தை வளைத்துத் தொடக்க மட்டையாளர்களை வீழ்த்தும் இந்திய வீச்சாளர்கள் மிகச் சிலரே. ஓர் அணியில் நான்கு வெளிநாட்டு வீரர்களே களமிறங்கலாம் என்பதால் இந்தியரான சாஹரின் மதிப்பு மேலும் கூடுகிறது.

இரண்டாவது, மட்டைவீச்சு. 2021 சூலை 20 அன்று கொழும்பில் இலங்கைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 69 ஓட்டங்களும், 2022 சனவரி 23 அன்று கேப் டவுனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 54 ஓட்டங்களும் எடுத்தவர்.

மூன்றாவது, உடல்நலத்துடன் இருந்தபோது கிடைத்த பயன். 2023 ஆம் ஆண்டு முதுகும் தொடையும் தொல்லை கொடுத்த நிலையிலும் 10 ஆட்டங்களில் 13 விக்கெட்டுகள் எடுத்து, வாகை சூடிய அணியில் பங்கு பெற்றார்.

நான்காவது, மாற்று வீரரும் காயமடையக்கூடும் என்பது. 2022 ஆம் ஆண்டு சாஹர் இல்லாதபோது, 20 இலட்சத்திற்கு வாங்கப்பட்ட முகேஷ் சௌத்ரி 16 விக்கெட்டுகள் எடுத்தார். ஆனால் அடுத்த பருவம் முழுவதையும் அவரும் அழுத்த முறிவால் இழந்தார்.

எதிரான வாதங்கள்

மூன்று பருவங்களுக்கான ஒப்பந்த மதிப்பு 42 கோடி ரூபாய். இதை 18 ஆட்டங்களுக்குப் பங்கிட்டால் ஆட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.33 கோடி ஆகிறது. எடுத்த விக்கெட்டுகளும் 18 என்பதால் விக்கெட் ஒன்றுக்கும் அதே தொகைதான்.

2023 ஆம் ஆண்டு சாஹர் இல்லாத ஆறு ஆட்டங்களில் சென்னை மூன்றில் வென்று மூன்றில் தோற்றது. அதே பருவத்தில் 20 இலட்சம் ரூபாய் வீரரான துஷார் தேஷ்பாண்டே 21 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விலை குறைந்த வீச்சாளரைப் பயிற்றுவித்தும் இடத்தை நிரப்பலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு.

மேலும், ஆட்டத்தின் நடுவே ஏற்படும் காயம், ஆட்டத்திற்கு முன் தெரிந்த காயத்தைவிடக் கூடுதல் இழப்பைத் தரும். இரண்டு பந்துகளில் வெளியேறிய வீச்சாளரின் எஞ்சிய ஓவர்களை, அதற்கு ஆயத்தமில்லாத மற்றவர்கள் வீச வேண்டியுள்ளது.

2024 ஆம் ஆண்டு முடிவு

2025 பருவத்திற்கான விதிகளின்படி ஓர் அணி அதிகபட்சம் ஆறு வீரர்களைத் தக்கவைக்கலாம். 2024 அக்டோபர் 31 அன்று சென்னை அணி ருதுராஜ் கெய்க்வாட் (18 கோடி), ரவீந்திர ஜடேஜா (18 கோடி), மதீச பத்திரன (13 கோடி), சிவம் துபே (12 கோடி), தோனி (4 கோடி) ஆகிய ஐவரின் பெயர்களை அறிவித்தது. சாஹர் விடுவிக்கப்பட்டார்.

இம்முடிவின் பின்னணியில் ஓர் எளிய கணக்கு உண்டு. தோனி, ஐந்தாண்டுகளாகப் பன்னாட்டு ஆட்டம் ஆடாதவர் என்ற விதியின்கீழ் 4 கோடிப் பிரிவில் வைக்கப்பட்டார். பன்னாட்டு ஆட்டம் ஆடிய மற்ற நால்வருக்கும் 61 கோடி கழிக்கப்பட்டது. அதே பிரிவில் ஐந்தாவது வீரரைச் சேர்த்தால் விதிப்படி மேலும் 14 கோடி கழிக்கப்படும். அதாவது, சாஹரைத் தக்கவைக்க 2022 ஆம் ஆண்டின் அதே விலையை அணி மீண்டும் தர வேண்டியிருந்தது. அவ்வாறு செய்திருந்தால் ஏலத்திற்கான கையிருப்பு 55 கோடியில் இருந்து 41 கோடியாகக் குறைந்திருக்கும்.

2024 நவம்பர் 24, 25 ஆகிய நாட்களில் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் ஏலம் நடைபெற்றது. பிற அணி கேட்ட விலைக்குத் தன் பழைய வீரரை மீட்டுக்கொள்ளும் உரிமை சென்னைக்கு ஒரு முறை மட்டுமே எஞ்சியிருந்தது. அது முதல் நாளில் ரச்சின் ரவீந்திராவுக்கு (4 கோடி) பயன்படுத்தப்பட்டது. இரண்டாம் நாள் சாஹரின் பெயர் வந்தபோது சென்னை அணி 9 கோடி ரூபாய் வரை கேட்டது. மும்பை இந்தியன்ஸ் 9.25 கோடிக்கு அவரை வாங்கியது.

பின்விளைவுகள்

2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் மும்பையும் தம் முதல் ஆட்டத்தில் மோதின. சாஹர் 15 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 28 ஓட்டங்கள் எடுத்ததுடன் ஒரு விக்கெட்டையும் வீழ்த்தினார். எனினும் சென்னை 4 விக்கெட்டுகளால் வென்றது. சாஹரின் இடத்தில் புதிய பந்தை வீச 4.80 கோடிக்கு வாங்கப்பட்ட கலீல் அகமது அந்த ஆட்டத்தில் 3 விக்கெட்டுகளை எடுத்தார்.

பருவம் முழுவதும் கலீல் அகமது 14 ஆட்டங்களில் 15 விக்கெட்டுகளும், சாஹர் 14 ஆட்டங்களில் 11 விக்கெட்டுகளும் எடுத்தனர். லீக் சுற்றின் 14 ஆட்டங்களிலும் விளையாடிய சாஹர், காயம் காரணமாக மும்பையின் இரண்டு வெளியேற்றச் சுற்று ஆட்டங்களில் இடம்பெறவில்லை. சென்னை அணி 4 வெற்றிகளுடன் தன் வரலாற்றில் முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது. புதிய பந்து வீச்சாளரின் விக்கெட்டுகள் குறையாத நிலையில், இந்த வீழ்ச்சிக்குச் சாஹரை விடுவித்ததைக் காரணமாகக் காட்டுவது கடினம்.

ஒப்பீடுகள்

மதீச பத்திரன: 2024 பருவத்தில் இவரும் காயத்தால் 6 ஆட்டங்களில் மட்டுமே விளையாடி 13 விக்கெட்டுகள் எடுத்தார். சாஹரைவிட இளையவரான இவரை அணி 13 கோடிக்குத் தக்கவைத்தது. 2025 பருவத்தில் 12 ஆட்டங்களில் 13 விக்கெட்டுகளே கிடைத்தன. 2025 நவம்பரில் அணி இவரை விடுவித்தது. அடுத்த மாதம் கொல்கத்தா அணி 18 கோடிக்கு வாங்கியது.

பென் ஸ்டோக்ஸ்: 2022 திசம்பரில் சென்னை அணி 16.25 கோடிக்கு வாங்கிய இவர், 2023 பருவத்தில் 2 ஆட்டங்களில் மட்டுமே விளையாடினார். அடுத்த பருவத்திற்கு முன் விடுவிக்கப்பட்டார்.

ஜோப்ரா ஆர்ச்சர்: அந்த ஆண்டு விளையாட இயலாது என்று தெரிந்தே 2022 ஏலத்தில் மும்பை அணி 8 கோடிக்கு வாங்கியது. 2023 ஆம் ஆண்டு 5 ஆட்டங்களில் 2 விக்கெட்டுகள் எடுத்த நிலையில் நாடு திரும்பினார்.

த. நடராசன்: சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இவர் 2021 ஆம் ஆண்டு முழங்கால் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அதன்பின் ஐதராபாத் அணி 4 கோடிக்கு மீண்டும் வாங்க, 2022 ஆம் ஆண்டு 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகள் எடுத்தார். 2024 நவம்பரில் தில்லி அணி 10.75 கோடிக்கு வாங்கியபின், 2025 பருவத்தில் 2 ஆட்டங்களிலேயே விளையாடினார்.

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்: பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் பந்தெறிபவரின் தோளும் முழங்கையும் பெரிதும் தேய்வுறும். அமெரிக்காவின் வாசிங்டன் நேசனல்ஸ் அணி, 2019 உலகத் தொடரின் சிறந்த வீரரான இவருடன் அவ்வாண்டு திசம்பரில் 7 ஆண்டுகளுக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்தது. அதன்பின் அவர் 8 ஆட்டங்களில் மட்டுமே பந்தெறிந்து, 2024 ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். அவ்விளையாட்டில் ஒப்பந்தத் தொகை முழுவதும் உறுதியளிக்கப்பட்டது என்பதால், இந்திய அணிகளைப் போல ஆண்டு முடிவில் விடுவித்து மீளும் வழி அந்த அணிக்கு இல்லை.

மதிப்பீடு

சென்னை அணியின் முடிவுகளை வரிசையாகப் பார்த்தால், சாஹரின் திறமை குறித்து அணிக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஐயம் இருந்திருப்பின் 9 கோடி வரை மீண்டும் கேட்டிருக்காது. 80 இலட்சத்தில் பெரும் பேறாகவும், 14 கோடியில் சுமையாகவும், 9 கோடியில் மீண்டும் விரும்பத்தக்கவராகவும் ஒரே வீரர் தோன்றியுள்ளார். ஆகவே, காயமுறும் வீச்சாளரை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி, எந்த விலைக்கு, அவர் இல்லாத நாளில் யார் வீசுவார் என்ற இரு கேள்விகளாகப் பிரிகிறது. 2022 ஆம் ஆண்டு இரண்டாம் கேள்விக்கு அணியிடம் ஆயத்தமான விடை இல்லை. 2023 ஆம் ஆண்டு தேஷ்பாண்டே வடிவில் விடை இருந்தது, கோப்பையும் கிடைத்தது.

வீரரின் பக்கத்திலும் இழப்பு உண்டு. 29 வயதில், தம் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தபோது ஏற்பட்ட காயங்களால் 2022 ஆம் ஆண்டின் இருபது20 உலகக்கிண்ண வாய்ப்பையும் சாஹர் இழந்தார். விக்கெட் எடுக்கும் விகிதம் குறையாமல் இருந்தும், களத்தில் நிற்கும் நாட்கள் குறைந்ததே அவரது விலையைக் குறைத்தது.

இவற்றையும் பார்க்க

சென்னை சூப்பர் கிங்ஸ்
இந்தியன் பிரீமியர் லீக்
எம். ஏ. சிதம்பரம் அரங்கம்
இலட்சுமிபதி பாலாஜி
த. நடராசன்